இரண்டு பக்கமும் அப்பாத்துரை

பாளையங்கோட்டை,
3.2.1996

அன்புள்ள மகன் ஜெபசிங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போகிற இடமெல்லாம் கர்த்தர் கூட வருகிறார் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். ஹாலந்தில் உன் ஜோடி மார்ட்டின் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். நீ எந்த ஊரில் ஆடிக்கொண்டிருந்தாலும் அவனுடைய அம்மா உன்னிடம் சேர்த்துவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறாய். அந்த அம்மாவுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்.

நாங்கள் மூவரும் செவ்வாய்க்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் ஊர் வந்து சேர்ந்தோம். தம்பி எபியின் தலை அதிகம் அசையக் கூடாது என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்ததால், உன் அப்பா அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். விருதுநகர் தாண்டியதும் நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். வண்டியை விட்டு இறங்கியபோது அவருக்குக் கால் மரத்துப்போய் நடக்க முடியவில்லை. போர்ட்டர்தான் அவரையும் பிடித்துக்கொண்டார்.

கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இங்கே ஹைகிரவுண்டு பக்கம் ஒரு கண் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். விழித்திரை கிழிந்ததைத் தைத்து ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டியது பிடித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறான். ஆனால் தலையணை உறையின் ஓரத்தைக் கடித்துக் கடித்து நூல் நூலாக ஆக்கி வைத்திருக்கிறான்.

உன் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். காலையில் பேப்பர் வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, டென்னிஸ் இரட்டையர் முடிவுகளைச் சத்தமாக வாசிப்பாரே, அது நின்றுவிட்டது. ஒற்றையர் ஆட்டத்துக்குப் படம் போடுவான், கதை எழுதுவான், இரட்டையர் என்றால் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி, அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு கண்ணாடி வேணும் என்று கேலி பண்ணுவார். இப்போது பேப்பரை மடித்த மடிப்பு கலையாமல் அப்படியே ஜன்னலில் வைத்துவிடுகிறார். நான்தான் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அறையில் பார்த்துக்கொள்கிறேன்.

சென்னை ஆட்டத்தின் முதல் சுற்று முடிவையும் அங்கே கிடந்த பழைய பேப்பரில்தான் பார்த்தேன். ‘அப்பாத்துரை, டி விரீஸ் ஜோடி 7-6, 2-1 என்ற கணக்கில் அப்பாத்துரை, குட்டப்பா ஜோடியை வென்றது, எதிரணி விலகல்.’ அவ்வளவுதான் போட்டிருந்தது. கெசியா டீச்சர் பின்னால் நின்று வாசித்துவிட்டு, அச்சுப் பிழையா டீச்சர், ஒரே பேர் ரெண்டு தடவை வந்திருக்கு என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என் மகன்கள் என்று சொன்னேன்.

டிரா போட்ட அன்று நாம் நான்கு பேரும் ஸ்டேடியம் கேன்டீனில் உட்கார்ந்து காபி குடித்தோமே. முதல் சுற்றிலேயே நீங்கள் இருவரும் எதிரெதிராக வந்துவிட்டீர்கள் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. உன் அப்பாதான், “ரெண்டு பக்கமும் என் பேருதான் இருக்கு. எவன் ஜெயிச்சாலும் நான் ரெண்டாவது சுத்துக்குப் போயிருவேன்” என்று சொன்னார். எபி சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறியது. உன் ரேங்க் ஏறியபோது, நீ மார்ட்டினோடு சேர்ந்து ஆடினால்தான் பெரிய போட்டிகளில் இடம் கிடைக்கும் என்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முதலில் சொன்னவன் அவன்தான். நீ முன்னால போ அண்ணே, நான் பைய வந்து சேர்ந்துக்கிடுதேன் என்றான். அவனுக்குள் வருத்தம் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்து, உன்மேல் அவனுக்குக் கோபம் இருந்ததில்லை.

அன்று நான் மேலே நான்காவது வரிசையில் இருந்தேன். நான் பார்த்தது இதுதான். குட்டப்பா தூக்கிவிட்ட பந்து ஆழமாகப் போகாமல் வலைக்குப் பக்கத்திலேயே உயர்ந்தது. நீ அதற்குக் கீழே வந்து மட்டையை ஓங்கினாய். எபி எதிர்ப்பக்கம் வலையருகே நின்றான். அப்படிப்பட்ட பந்துக்கு எவனும் முதுகைத் திருப்புவான், இல்லையென்றால் பின்னால் ஓடுவான். அவன் இரண்டும் செய்யவில்லை. பந்தை அடிக்க உனக்கு அவ்வளவு இடம் இருந்ததே என்று

இந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. பேனாவால் அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பாய். அப்படியே இருக்கட்டும். நீ வலையைத் தாண்டிக் குதித்து ஓடிவந்ததையும் நான் பார்த்தேன். உன் சட்டையைக் கழற்றி அவன் முகத்தில் அழுத்தினாய்.

மறுநாள் நீ ஆடப்போனதில் எனக்குக் குறை இல்லை. ஆடச் சொன்னது உன் அப்பா. நீ ஆடாமல் இருந்தால் அவன் கண் திரும்பி வந்துவிடுமா என்று அவர் உன்னிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நீ கோப்பையை வாங்கிய நேரத்தில் எபி ஆபரேஷன் மேசையில் இருந்தான். அன்று சாயங்காலம் உயரமான பையன் ஒருவன் வந்து, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனான் என்று நர்ஸ் சொன்னாள். எபி தூங்கிக்கொண்டிருந்தான். நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். நீ இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம், எய்யா.

எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தம்பிக்கு ஒரு வரி எழுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்பு அம்மா,
பியூலா


பாளையங்கோட்டை,
9.3.1996

அன்பு மகன் ஜெபசிங்குக்கு,

அம்மாவின் வாழ்த்து. உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தபால்காரர் வருகிற நேரம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பதால், எபிதான் வாசலில் போய் நிற்கிறான். மின்சார வாரியக் கடுதாசியும் சபைச் செய்தித்தாளும்தான் வருகின்றன. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

முதலில் கண் விஷயம். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. வலது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும், யாராவது குறுக்கே போனால் நிழல் தெரியும். அவ்வளவுதான். அவர் அதைச் சொன்னபோது எபி, சரிங்க டாக்டர் என்றான். ஏதோ மாத்திரையை மாற்றி எழுதியதற்குச் சொல்வதுபோல. உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் வெளியே வந்து பார்த்தால், அங்கே வேறு யாரோ ஒரு பெரியவருக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

இடது கண் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கண்ணால் பார்க்கும்போது தூரம் பிடிபடுவதில்லையாம். நான் அதை யோசித்தே பார்த்ததில்லை. செம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பக்கத்தில் ஊற்றுகிறான். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறும்போது படி இருக்கிற இடத்துக்கு முன்னாலேயே காலை வைத்து விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். கண்டக்டர் குடிகாரன் என்று நினைத்து ஏசியிருக்கிறார். இதை எபி சொல்லவில்லை. கூட வந்த பையன் சொன்னான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு வரவிருந்த வேலையும் இல்லை என்றாகிவிட்டது. மருத்துவச் சோதனையில் இரண்டு கண்ணும் கேட்கிறார்கள். பி.காம். படித்திருக்கிறான், வேறு ஏதாவது பார்க்கலாம் என்று உன் அப்பா சொல்கிறார். பார்க்கலாம்.

இனி போன வாரம் நீ போன் பண்ணியதைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. அடுத்த வீட்டு ஆபிதா பீவி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, டீச்சரம்மா, மூத்தவன் லைன்ல இருக்கான், ஓடியாங்க என்றாள். நான் ஓடினேன். அப்பா சுகமா என்று கேட்டாய். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்று கேட்டாய். கடைசியில்தான், எபி எப்படி இருக்கான் என்றாய். இரு, கூப்பிடுதேன், அவன்கிட்டயே கேளு என்று சொன்னேன். அவன் எனக்குப் பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் கையை நீட்டியதும் நீ வைத்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. லைன் போன சத்தம் என் காதில் விழுந்தது. ஆனால் அவன் கை ரிசீவரைப் பிடித்துவிட்டது. ஆபிதா பீவி வாசல்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ரிசீவரைக் காதில் வைத்தான். ஒரு நொடிதான். பிறகு பேசினான். நீ கேட்காததை நான் கேட்டேன். அது உனக்குச் சேர வேண்டிய பேச்சு. அதனால் என் நினைவில் நின்றபடி எழுதுகிறேன்.

“அண்ணே, எபிதான் பேசுதேன். நல்லாத்தான் இருக்கேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத. பந்து எழும்புனதுமே நீ எங்கன அடிப்பன்னு எனக்குத் தெரியும். மாஞ்சோலைல மேனேஜர் பங்களா கோர்ட்ல ஓரமா அடிச்சா, பந்து தேயிலைச் சரிவுல உருண்டு போயிரும்லா. அதுக்குப் பயந்து சின்னதுலேருந்தே நீ நடுவுலதான் அடிப்ப. அதான் நான் நடுவுக்கு வந்தேன். மட்டையக் குடுத்து நிப்பாட்டிரலாம்னு நெனச்சேன். நீ என்னப் பாத்து அடிக்கல. நீ அடிக்கிற எடத்துக்கு நான்தான் வந்தேன்.”

பிறகு எதிர்ப்பக்கம் யாரோ பேசுவதைக் கேட்பதுபோலக் கொஞ்சம் நின்றான். சரி, சரி, உடம்பப் பாத்துக்க என்று சொல்லி வைத்துவிட்டான். அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்கள் என்று ஆபிதா பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. இருங்க, டீ போடுதேன் என்று உள்ளே போனாள். நாங்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து டீ குடித்தோம்.

அவன் யாருக்காகச் சொன்னான் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நீ கேட்கவில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் பக்கத்தில் நின்ற எனக்காகச் சொன்னானா? மகனே, உனக்கு எழுதிப் பாதியில் விட்ட அந்த ஒரு வரி எனக்குள் இருந்தது என்று அவன் கண்டுபிடித்துவிட்டானோ? அந்த வரியை வாசித்துத்தான் நீயும் போனை வைத்துவிட்டாயோ? மாஞ்சோலையில் எஸ்டேட் பள்ளிக்கூடம் விட்டதும் கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து, உங்களுக்கு நான்தானே புள்ளி எண்ணுவேன்? பந்து சரிவில் போய்விட்டால், அட்டை கடிக்கக் கடிக்கத் தேடி எடுத்து வருவீர்கள். நீ நடுவில்தான் அடிப்பாய். அது எனக்கும் தெரியும். அன்று நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

லெந்து உபவாச நாட்கள் நடக்கின்றன. உங்கள் இருவருக்கும் நான் எப்போதும் ஒரே ஜெபம்தான் பண்ணுவேன். இரண்டு பேரும் ஜெயிக்க வேண்டும், இரண்டு பேருக்கும் அடிபடக் கூடாது என்று. இப்போது முழங்காலில் நின்றால் வார்த்தை வருவதில்லை. நின்றுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

மறுபடி போன் பண்ணு. வைத்துவிடாதே.

அம்மா


பாளையங்கோட்டை,
14.4.1996

என் மகன் ஜெபசிங்குக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும். போன ஞாயிறு ஈஸ்டர் ஆராதனைக்கு எபியும் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரக் கூச்சப்பட்டான். உன் அப்பா தானும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, நான் ரெடி என்று வந்து நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக இருந்தது. பாஸ்டர் ஐயா அப்பாவின் கையைக் குலுக்கி, கண்வலியா என்று கேட்டார். அப்பாவும் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உன் அப்பாதான். சென்னையிலிருந்து வந்த பிறகு உன் பெயரை அவர் வாயில் நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே, அவனுக்கு எழுது என்றார். ஏன் என்று எழுதுகிறேன்.

அன்று எனக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். பகலில் ஆபிதா பீவி வீட்டு டி.வி.யில் உன் ஆட்டத்தைப் பார்த்தோம். கேபிள்காரன் ஏதேதோ வைத்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானில் நடக்கும் போட்டி என்று வந்து, நீயும் மார்ட்டினும் நிற்பதை அவள் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். எபி முதலில் போனான். நான் போனேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், உன் அப்பாவும் வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்க அண்ணாச்சி என்று ஆபிதா பீவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

நீ மெலிந்திருக்கிறாய். தாடி வைத்திருக்கிறாய். அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்வோம். ஒரு பந்து உயரமாக வந்தது. உனக்கே வந்தது. குழந்தைகூட அடிக்கும். நீ பின்னால் போய், அது தரையில் பட்டு எழும்பட்டும் என்று விட்டு, மெதுவாகத் தள்ளிவிட்டாய். அடுத்ததும் அப்படியே. எதிராளி இரண்டு பேரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பிறகு உனக்கே தூக்கித் தூக்கிப் போட்டார்கள். மார்ட்டின் மட்டையைத் தரையில் தட்டி உன்னிடம் ஏதோ சொன்னான். நீ தலையை ஆட்டினாய். மறுபடி ஒரு பந்து உயரே எழும்பியபோது, எனக்குப் பின்னால் உன் அப்பா, “அடி, எய்யா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நீ தள்ளித்தான் விட்டாய்.

அவர் போய்விட்டார். எபி ஆட்டம் முடிகிற வரை இருந்தான். 6-4, 6-3 என்று தோற்றீர்கள். எங்கள் வீட்டுப் படியேறும்போது எபி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அம்மா, அண்ணனுக்கு எழுதுங்க. அவன் அடிக்கணும். எதிர்ல நிக்கவன் பாத்துக்கிடுவான். இவன் இப்படித் தள்ளித் தள்ளி விட்டான்னா, எனக்குக் கண்ணு போனதுல ஒரு அர்த்தமும் இல்ல.”

அவனுக்குக் கோபம். இத்தனை நாளில் அவனைக் கோபமாகப் பார்த்தது அன்றுதான். போனில் அவன் சொன்னது எனக்காகவோ உனக்காகவோ சொன்ன பொய்யாக இருக்குமோ என்று ஒரு மாதமாக மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். அன்று அந்தக் கோபத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. உன்மேல் மனத்தாங்கல் உள்ளவன் நீ தோற்பதைப் பார்த்து அப்படித் துடிக்க மாட்டான். இது என் மனம் சொல்வது. சரியா தவறா என்று உனக்குத்தான் தெரியும். அந்தப் பந்தைப் பற்றி நான் இனி உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

எபி இப்போது காலையில் கல்லூரி மைதானத்துக்குப் போகிறான். கோர்ட்டுக்குள் போவதில்லை. சுவரில் அடிக்கிறான். முதல் வாரம் பந்து ஒரு பக்கம் வரும், மட்டை ஒரு பக்கம் போகும். பார்க்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க வேண்டுமே என்று நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். இப்போது பத்துக்கு நான்கு படுகிறது. ஒற்றைக் கண்ணுக்கும் தூரம் பழகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக ஒருவர் பந்து போட்டுப் பழக்கினால் சீக்கிரம் வரும் என்று டாக்டர் சொன்னார். பழையபடி போட்டியில் ஆட முடியுமா என்று கேட்டேன். அதை அவர் சொல்லவில்லை. பந்து போட அப்பா வரட்டுமா என்று எபியிடம் கேட்டதற்கு வேண்டாம் என்றான். குட்டப்பா பெங்களூரிலிருந்து எழுதியிருந்தான், ஒரு வாரம் வந்து தங்குகிறேன் என்று. அவனையும் வேண்டாம் என்று எழுதிவிட்டான். அப்படியென்றால் யார்தான் போடுவது என்று அலுத்துப்போய்க் கேட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, அண்ணன் வரட்டும் என்றான்.

மே மாதம் உனக்கு இடையில் இரண்டு வாரம் ஆட்டம் இல்லை என்று நீ கிளம்பும் முன்பே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. கொக்கிரகுளத்தில் ஆற்றில் மணல்தான் தெரிகிறது. மே மாதம் எனக்கும் பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டுக்கு நேரே வரத் தயக்கமாக இருந்தால் என்றைக்கு, எந்த வண்டி என்று மட்டும் எழுது. ஜங்ஷனுக்கு நான் ஒருத்தியாக வருகிறேன். நாம் இருவரும் நடந்தே வருவோம். வழியில் நீ ஒன்றும் பேச வேண்டாம். எபி உன்னைப் பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் இடது பக்கமாக, இல்லை, வலது பக்கமாகத் திருப்பித்தான் பார்ப்பான். நல்ல கண்ணை உன் பக்கம் கொண்டுவருவதற்காக. முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதற்காக முன்கூட்டியே எழுதுகிறேன்.

எனக்கு ஜெபத்தில் வார்த்தை வரவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இப்போது வருகிறது. நீங்கள் சிறுவர்களாக இருந்தபோது தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்புவேன். இந்தத் தடவை, நீ எட்டாத தூரத்தில் இருக்கிறபடியால், எழுத்தில் பண்ணுகிறேன். கர்த்தர் உன் வலது கையை ஆசீர்வதிப்பாராக. அதைப் பலப்படுத்துவாராக. அது ஓங்கும்போது பயப்படாதிருப்பதாக. ஆமென்.

வா, எய்யா.

உங்கள் இருவருக்கும் அம்மா,
பியூலா அப்பாத்துரை